வெலோனியைக் கொன்றது யார்?

துப்பறியுங் கதையொன்றைக் கண்டோர் கூடி வாதிப்பதை வீண்பொழுதென்று கடிவாருளர். நாம் அவரோடு உடன்படோம். கண்ட குறிப்பை நினைவில் வைத்தலும், ஐயத்திற்குக் காரணங் கேட்டலும் நல்ல தருக்கப் பயிற்சியே.

ஆயின் 'வதந்தி' என்னுந் தொடரைப்பற்றி இங்கு நாங் கேட்கும் வாதம் வேறு வகையினது. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கி, 2022 டிசம்பரில் அமேசான் பிரைமில் வெளிவந்த அத்தொடர் 8 பகுதிகளுடையது. கதை நிகழ்வது தெற்கே கன்னியாகுமரிச் சீமையில். படப்பிடிப்பு நடக்குமிடத்திற் கிடந்த பிணம் ஒரு நடிகையினதென்று செய்தி பரவுகிறது, அவளோ உயிரோடிருக்கிறாள். இறந்தவள் வெலோனி யென்னும் இளம்பெண். அதன்பின் அவளைப்பற்றி ஆளுக்கொரு கதை.

குற்றாலச் சாரலுக்கு ஒதுங்கிய தேநீர்க்கடையிலும் "அவள் எப்படிப்பட்டவள்?" என்பதே வினா. கொன்றவர் யாரென்பதன்றோ புதிர்? மாண்டவளின் ஒழுக்கத்தைத் துப்பாகக் கொள்வோர், கதைக்குள் வதந்தி பரப்பினோர்க்கே துணைபோகின்றனர். எஸ். ஜே. சூர்யா ஏற்ற காவல் அதிகாரியேனும் கேட்ட கதையைச் சரிபார்க்கப் புறப்படுகிறார்; நம்மவர்க்கு அத்துணைப் பொறுமையும் இல்லை. நம் தோழர் ஒருவர் மட்டும், எவர் எப்பொழுது எங்கிருந்தாரென்று தாளிற் குறித்துவைத்திருக்கிறார். அவரோடு விடியுமளவும் வாதிக்க நாம் ஆயத்தம்.