கறி மாதிரியே இருக்க வேண்டுமா?

புழல் காவாங்கரை முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களின் ஊர்ச் சமையலில் ‘சோயாமீற்’ குழம்புக்குத் தனி இடம் உண்டு. அதே சோயாவை நாம் மீல்மேக்கர் என்று பிரியாணியில் போட்டு, “கறி மாதிரியே இருக்கே!” என்று மெச்சுகிறோம். அந்தப் பாராட்டில் ஓர் அநியாயம் இருக்கிறது. எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி உலர்த்திய உருண்டை அது. தனக்கென்று பெரிய ருசி இல்லாவிட்டாலும் சாற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துக் கைகளுக்கு இது நன்றாகத் தெரியும். வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, எண்ணெயில் பொரித்து, வறுத்திடித்த மிளகாய்த்தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, ரம்பை இலை மணக்க இறக்குவார்கள். பிழிவதில் சோம்பல்பட்டால் பச்சை வாடை போகவே போகாது. ஜாவாக்காரர்களும் சோயாவைப் புளிக்கவைத்த டெம்பேயை அதன் சொந்த ருசிக்காகவே தலைமுறைகளாகச் சாப்பிடுகிறார்கள். இனிப்பில் நாம் இந்தப் பாரபட்சம் காட்டுவதில்லை. மலாய் மக்களோடு இலங்கைக்கு வந்ததாகச் சொல்லப்படும் வட்டலப்பம், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் ஏலக்காயும் கலந்து ஆவியில் அவிப்பது. நம் காயல்பட்டினத்து விருந்துகளிலும் உண்டு. அதைப் பாயசத்தோடு ஒப்பிட்டு யாரும் மார்க் போடுவதில்லை.

செங்குன்றம் சாலை உணவகங்கள் சோயாப் பிரட்டலை இடியாப்பத்தோடு, அதன் சொந்தப் பெயரிலேயே பரிமாறலாம். உலர்ந்த சோயா 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம்; கூலிவேலைக்குப் போகிற வீடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல.