பாட்டரியின் பசி

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையை ஒரு கை பார்த்துவிட்டுப் போனதே, நினைவிருக்கிறதல்லவா? மரமும் மின்கம்பமும் சாய்ந்து, பல பேட்டைகள் நாட்கணக்கில் இருட்டில் கிடந்தன. இன்வெர்ட்டர் உள்ள வீடுகள் முதல் நாள் இரவு கொஞ்சம் கர்வமாகவே விளக்கெரித்தன. பாட்டரி காலியானதும் கர்வமும் காலி. இந்த மாதிரி வேளையில்தான் பெட்ரோலில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் மீது நமக்கு ஆசை பிறக்கிறது.

வாங்கியும் ஆயிற்று என்று வைத்துக் கொள்ளுங்கள். அதன் முகப்பில் இரண்டு வாய்கள் இருக்கும். ஒன்று வீட்டுப் பிளக்கைச் செருகுவதற்கு, 220 வோல்ட். மற்றொன்றில் '12 வோல்ட் டி.ஸி.' என்று எழுதியிருக்கும். "நம் பாட்டரியும் 12 வோல்ட்தான். ஜாதகப் பொருத்தம் பிரமாதம்!" என்று வீட்டுக்காரர் குதூகலமாக இரண்டு வயர்களை மாட்டிவிடுகிறார். நாலு மணி நேரம் எஞ்சின் தடதடவென்று ஓடுகிறது.

"ஏங்க, ரெண்டு லிட்டர் பெட்ரோல் போயிடுச்சு. பாட்டரி கால் வாசி கூட ஏறலையே?"

அம்மையார் கேட்பது நியாயமான கேள்வி. அந்தச் சின்ன வாய் தருவது பெரும்பாலும் 8 ஆம்பியர்தான். வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியோ 150 ஆம்பியர்-மணி கொள்ளும் பெரிய அண்டா. அண்டாவை டம்ளரால் நிரப்புகிற கதை! கணக்குப்படி 19 மணி நேரம். வழியில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம்.

இதை விடப் பெரிய குறை ஒன்று உண்டு. பல ஜெனரேட்டர்களில் இந்த வாய்க்கு 'போதும்' என்று நிறுத்தத் தெரியாது. சைக்கிள் டைனமோவைப் பார்த்திருப்பீர்கள். வேகமாக மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும், மெதுவானால் மங்கும். இதுவும் அந்த ஜாதிதான். பாட்டரி நிரம்பி 14.4 வோல்ட்டைத் தாண்டிய பிறகும் ஊட்டிக் கொண்டே போனால், உள்ளே இருக்கும் தண்ணீர் கொதிப்பது போல் குமிழியிட்டு ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வெளியேறும். காற்றில் ஹைட்ரஜன் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். சில வீடுகளில் இன்வெர்ட்டர் இருப்பது சுவாமி அலமாரிக்குக் கீழே! சார்ஜ் ஏறும்போது அங்கே கற்பூரமும் ஊதுவத்தியும் வேண்டவே வேண்டாம்.

பின் என்னதான் செய்வது? இன்வெர்ட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஜெனரேட்டரின் 220 வோல்ட் வாயில் செருகுங்கள். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சார்ஜர் 10, 15 ஆம்பியர் வரை ஏற்றும். நிரம்பியதும் தானே குறைத்துக் கொள்ளும். ஒரு சூட்சுமம்: அப்போது இன்வெர்ட்டர் 'கரண்ட் வந்துவிட்டது' என்று எண்ணி, வீட்டு விளக்கு, விசிறி எல்லாவற்றையும் ஜெனரேட்டர் தலையில் கட்டிவிடும். அந்த நேரம் பார்த்துச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டால் எஞ்சின் முனகிவிட்டு நின்று போகும்.

ஆனால் ஜெனரேட்டர் வயரை வீட்டுச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் சாமர்த்தியம் மட்டும் கூடவே கூடாது. அது தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகலாம். 'லைனில் கரண்ட் இல்லை' என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரும் ஒரு வீட்டின் பிள்ளைதானே?

ஜெனரேட்டர் இருக்க வேண்டிய இடம் திறந்த வெளி. ஜன்னலுக்கு 20 அடியாவது தள்ளி. மழை நனைக்கிறதே என்று பால்கனியிலோ மாடிப்படியடியிலோ வைத்துவிடுகிறார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொண்டு போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்பது சமாதானம் ஆகாது.

அப்படியானால் அந்த 12 வோல்ட் வாய் எதற்கு? பல நாள் சும்மா நின்று படுத்துவிட்ட கார் பாட்டரிக்கு. அதன் கொள்ளளவு 40 ஆம்பியர்-மணி போலத்தான். ஓரிரு மணி நேரம் ஏற்றினால் பெரும்பாலும் வண்டி கிளம்பிவிடும். வயரை மாட்டிய பிறகு எஞ்சினை ஓட்டவும். எஞ்சினை நிறுத்திய பிறகு வயரைக் கழற்றவும். வயரைக் கழற்றாமல் கார்ச் சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். 8 ஆம்பியர் வாய் அதற்கு எங்கே போகும்?