உறுமிக்கும் ஒரு பூங்கா வேண்டும்

சரவாக்கில் ஆண்டுதோறும் மழைக்காட்டு உலக இசை விழா என்று ஒன்று நடக்கிறது. நம் தோட்டப்புறத்தில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. கேள்விப்பட்டவர்களும், "அது வெள்ளைக்காரன் வந்து ஆடிட்டுப் போற விழா, நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. நம் வீட்டு மூலையில் தோல் கிழிந்து கிடக்கும் தப்புக்கும் அந்த விழாவுக்கும் நிறையவே சம்பந்தம் இருக்கிறது.

முதலில் விழாவைப் பற்றிச் சொல்லிவிடுவோம். 1998-இல் தொடங்கியது. சரவாக் சுற்றுலா வாரியம் நடத்துகிறது. கூச்சிங் நகரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தள்ளி, சந்துபோங் மலையடிவாரத்தில் சரவாக் கலாசார கிராமம் இருக்கிறது. பெயர்தான் கிராமம், உண்மையில் அது ஒரு திறந்தவெளிப் பூங்கா. நடுவே குளம். சுற்றிலும் ஈபான், பிடாயு, ஓராங் உலு, மெலனாவ், பினான், மலாய், சீனர் என்று அந்த மாநிலத்து மக்களின் வீடுகள் மாதிரிக்குக் கட்டி வைக்கப்பட்டுள்ளன. அங்கே மூன்று நாள் இசை. பல நாடுகளின் நாட்டுப்புறக் கலைஞர்கள் வருகிறார்கள். மழை கொட்டினாலும் யாரும் எழுந்து ஓடுவதில்லை; சேற்றிலேயே ஆடுகிறார்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் தடைப்பட்டு, 2022-இல் மீண்டும் மக்கள் நேரில் கூடினார்கள்.

இரவு மேடைதான் படங்களில் பெரிதாக வருகிறது. ஆனால் விழாவின் உயிர் பகல் பொழுதில் இருக்கிறது என்பது நம் கருத்து. பிற்பகலில் கலைஞர்கள் அந்த நீண்ட வீடுகளுக்குள் போய் உட்காருகிறார்கள். கேட்க வந்தவர்கள் அவர்களைச் சுற்றி நெருக்கியடித்து உட்காருகிறார்கள். "இந்தக் கருவி எந்த மரத்தில் செய்தது? இந்தத் தோல் எந்த விலங்குடையது? இந்தத் தாளம் எதற்கு வாசிப்பது?" என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மேளக்காரரும் ஈபான் மேளக்காரரும் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கை பேசிக்கொள்ளும்!

இப்போது சாப்பே என்ற கருவியின் கதையைக் கேளுங்கள். சரவாக் உட்புறத்துக் கென்யா, காயான் மக்களின் நரம்புக்கருவி அது. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்வார்கள். அந்தக் காலத்தில் இரண்டே தந்தி. நோயாளியைக் குணப்படுத்தும் சடங்கில் வாசிக்கப்பட்டது. பெண்கள் தொடக்கூடாது என்று கட்டுப்பாடும் இருந்தது. பிள்ளைகள் படிக்கவும் பிழைக்கவும் பட்டணத்துக்குப் போய்விட்ட பிறகு, நீண்ட வீட்டுத் திண்ணையில் கிழவர்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நம் லயத்துக் கதையேதான், இல்லையா?

இன்றைக்கு நிலைமை வேறு. சாப்பே வாசிக்கும் மேத்யூ ஙாவ் ஜாவ் என்ற கென்யாப் பெரியவரை நம் அரசாங்கம் 2015-இல் வாழும் தேசிய மரபுச் செல்வம் என்று அறிவித்துச் சிறப்பித்தது. அவரிடம் சிறுமியாக இருந்தபோது கற்றுக்கொண்ட அலேனா முராங் என்ற கெலாபிட் இனப் பெண் இப்போது வெளிநாட்டு மேடைகளில் சாப்பே வாசிக்கிறார். கூச்சிங்கில் இளைஞர்கள் இந்தக் கருவியை ஆர்வமாகக் கற்கிறார்கள். இதெல்லாம் ஒரு விழாவால் மட்டும் வந்ததென்று சொல்லமாட்டோம். ஆனால் ஒரு மக்கள் தங்கள் இசையை மேடையில் வைத்து, வெட்கப்படாமல், "இது எங்களுடையது" என்று சொன்னபோது என்ன நடக்கும் என்பதை அங்கே கண்ணாரக் காணலாம்.

நம்முடையது என்ன ஆயிற்று?

தோட்டத்தில் தப்பில்லாமல் ஒன்றும் நடந்ததில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்பு. தீமிதிக்கு உறுமி. காமன் கூத்துக்குத் தப்பு. செத்தால் காடு போய்ச் சேரும் வரை தப்பு. பால்வெட்டி விட்டு வந்த கைதான் சாயங்காலம் குச்சியைப் பிடித்தது. இசைப்பள்ளி கிடையாது, குரு தட்சணை கிடையாது. அப்பன் அடிக்கப் பார்த்து மகன் கற்றான். கூலியாக என்ன கிடைத்தது? ஒரு துண்டு, கொஞ்சம் சில்லறை, கள்ளுக்கடையில் ஒரு மங்கு. அதற்கு மேல் மரியாதை என்று பார்த்தால், அதே ஆளைப் பந்தியில் தள்ளி உட்காரச் சொன்னோம். "அது சாவு மேளம், அவங்க அடிக்கிறது" என்று ஒரு சொல்லில் அந்தக் கலையையும் அந்த மனிதரையும் ஒதுக்கி வைத்தோம். கப்பலில் கடல் தாண்டி வந்தபோது பலவற்றைத் தொலைத்தோம். சாதியை மட்டும் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்தோம்!

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. விற்கப்பட்டன. தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனவர்கள் கட்டிலைக் கொண்டுபோனார்கள், சாமிப் படத்தைக் கொண்டுபோனார்கள். கோயில் திடலைக் கொண்டுபோக முடியுமா? ஏழாவது மாடியில் உறுமியை எடுத்தால் எட்டாவது மாடிக்காரர் போலீசுக்குப் போன் போடுவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை தூங்க வேண்டும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.

ஆனாலும் உறுமி சாகவில்லை. இதை நாம் பெருமையோடு சொல்ல வேண்டும். பத்துமலைத் தைப்பூசத்துக்குப் போய்ப் பாருங்கள். காவடிக்கு முன்னால் ஒரே மாதிரிச் சட்டை போட்ட நம் பையன்கள், உறுமியும் தப்புமாக இரவெல்லாம் வாசித்துக்கொண்டு போவார்கள். இது தோட்டம் கொடுத்த சொத்து. பட்டணத்தில் பிறந்த பையன்கள் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. வருத்தம் என்னவென்றால், அவர்களைக் கேட்பதற்கென்று உட்கார்ந்தவர் யாருமில்லை. காவடி பார்க்க வந்த கூட்டம் காவடியைப் பார்க்கிறது. மற்ற நாளில் உறுமிக் குழு என்றாலே, "சண்டைக்காரப் பசங்க" என்று முகம் சுளிப்பவர்கள் நம்மவர்களிலேயே உண்டு. அக்கரைச் சிங்கப்பூரில் 1973 தொடங்கித் தைப்பூச ஊர்வலத்தில் மேளம் அடிக்கவே தடை இருந்தது. 2016-இல்தான் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் வாசிக்க விட்டார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல்! ஊர்வலத்தை மட்டும் நம்பி ஒரு கலை இருந்தால் அதன் கதி இதுதான். ஒரு உத்தரவு போதும், வாயை மூட.

ஆகவேதான் பூங்கா என்கிறோம். மண்டபம் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. தப்புக்கு மண்டபம் பொருந்தவே பொருந்தாது. தப்பு அடிப்பதற்கு முன் தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்ச வேண்டும் என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். பழைய பேப்பரையோ வைக்கோலையோ கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, "ம், ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் குச்சியை எடுப்பார்கள். ஈரம் பட்டால் தோல் தொய்ந்து, சத்தம் செத்துப்போகும். குளிர்சாதன மண்டபத்தில் அரை மணியில் இறங்கிவிடும். அங்கே நெருப்பு மூட்ட யார் விடுவார்? இப்போது சிலர் பிளாஸ்டிக் தோல் போட்டு அடிக்கிறார்கள். அதற்கு நெருப்பு வேண்டாம். சத்தமும் அந்தச் சத்தமில்லை.

உறுமியும் அப்படித்தான். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழுகிற அந்த முனகல், நாலு சுவருக்குள் காதைப் பிளக்கும். வெட்டவெளியில் அது மரத்துக்கு மரம் தாவிப் போகும். இவை வெளிக்காட்டுக்கென்றே பிறந்த கருவிகள்.

"சாமிக்கு அடிக்கிற மேளத்தைப் பூங்காவிலே அடிக்கலாமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாப்பேயும் சடங்குக்கு வாசித்ததுதான் என்பதை நினைவூட்டுகிறோம். சாமி அழைக்கும் அடியை, அருள் வரவழைக்கும் அடியைக் கோயிலுக்கென்றே வைத்துக்கொள்ளட்டும். அதைக் காட்சிப்பொருளாக்கச் சொல்லவில்லை. கும்மிக்கு, கோலாட்டத்துக்கு, ஒயிலாட்டத்துக்கு, சும்மா சந்தோஷத்துக்கு என்று எத்தனை அடி இருக்கின்றன! பால்மரக் காட்டில் பாடிய பாட்டுகள் இருக்கின்றன. தாலாட்டு இருக்கிறது, ஒப்பாரி இருக்கிறது. அதைப் பாடத் தெரிந்த பாட்டிமார்கள் இன்னும் கொஞ்சம் பேர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நம் பாட்டன்மார் கப்பலேறிய சென்னையிலும் இது நடந்திருக்கிறது. அங்கே மார்கழி மாதத்தில் சபா மண்டபங்களில் கருநாடக இசை கொடிகட்டிப் பறக்கும். பறைக்கு அந்த மண்டபங்களில் பெரும்பாலும் இடமில்லை. 2007-இல் சென்னை சங்கமம் என்று தொடங்கி, கிராமத்துப் பறையாட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாவற்றையும் பட்டணத்துப் பூங்காக்களிலும் திடல்களிலும் கடற்கரையிலும் இறக்கினார்கள். சீட்டு கிடையாது, நடைப்பயிற்சிக்கு வந்தவரும் நின்று பார்க்கலாம். 2011-இல் ஆட்சி மாறியது, விழாவும் நின்றது. 2023-இல்தான் மறுபடி நம்ம ஊரு திருவிழா என்ற பெயரும் சேர்ந்து வந்தது. அரசாங்கத்தை மட்டும் நம்பினால் இடையில் இப்படிப் பல ஆண்டுகள் காணாமல் போகும் என்பதையும் கவனியுங்கள். ஆனாலும் பலன் இல்லாமல் போகவில்லை. 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தீண்டத்தகாத மேளம் என்று ஒதுக்கிய கருவிக்கு, டில்லியில் விருது!

நம் நாட்டில் பூங்காவுக்குப் பஞ்சமா? தைப்பிங் ஏரிப்பூங்கா இருக்கிறது. ஈயம் தோண்டிய பள்ளங்களைச் சீர்ப்படுத்தி 1880-இல் உண்டாக்கியது. சிரம்பானில் ஏரிப்பூங்கா. தலைநகரில் தித்திவங்சா. ஷா ஆலம் ஏரிப்பூங்காவுக்குப் போகும்போது நம்மவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நகரம் எழுந்த இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். மரம் நின்ற இடத்தில் ஏரியும் விளக்கும் இருக்கின்றன. அங்கே ஒரு சாயங்காலம் தப்பு அடிப்பதற்கு நாம் யாரிடமும் கூச்சப்பட்டு நிற்க வேண்டியதில்லை.

ஆனால் சரவாக் விழாவை அப்படியே பார்த்து எழுதிவிடக் கூடாது. அது சுற்றுலாப் பயணிக்காக நடப்பது. நுழைவுச் சீட்டின் விலை தோட்டத் தொழிலாளியின் சட்டைப்பைக்கு எட்டாது. விமானம் ஏறிப் போவதை விடுங்கள். நம் பூங்காவில் சீட்டு என்ற பேச்சே இருக்கக் கூடாது. அடுத்து, ஒலிபெருக்கி. எதைக் கொண்டுவந்தாலும் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி, காது கிழிய வைப்பது நம் பழக்கமாகிவிட்டது. பத்துத் தப்புக்கு ஒலிபெருக்கி எதற்கு? பாடுகிறவருக்கு ஒன்று, அறிவிப்பாளருக்கு ஒன்று, போதும். அறிவிப்பாளர் குறைவாகப் பேசினால் இன்னும் நல்லது. தலைவர்களுக்கு மாலை போடுவதிலேயே முதல் ஒரு மணி நேரத்தைக் கரைப்பதும் வேண்டாம்.

முக்கியமானது கூலி. தமிழகத்திலிருந்து சினிமாப் பாடகர்களை வரவழைத்து விளையாட்டரங்கில் நிகழ்ச்சி வைக்கும்போது, பேசிய தொகையை முன்கூட்டியே கொடுக்கிறோம். உள்ளூர் உறுமிக்காரருக்கு மட்டும் "சாப்பாடு இருக்குப்பா, சாப்பிட்டுப் போ" என்கிறோம். இந்தக் கேவலம் ஒழிய வேண்டும். வந்தவருக்குச் சம்பளம், போக்குவரத்துச் செலவு, பெயர் சொல்லி அறிமுகம். இது மூன்றும் இல்லாவிட்டால் அந்த நிகழ்ச்சியை நடத்தவே வேண்டாம்.

சரவாக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பகல் பொழுதை. மரத்தடியில் பாய் விரித்து, முதிய தப்புக்காரர் ஒருவரை உட்கார வைத்து, பிள்ளைகள் கையில் குச்சியைக் கொடுங்கள். சிண்டுக்குச்சி எது, அடிக்குச்சி எது என்று அவர் காட்டட்டும். மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் வந்து அடித்துப் பார்க்கட்டும். இன்னொன்றும் தோன்றுகிறது. நாம் விட்டுவந்த லயங்களில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளிகளும் குடியிருக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து அவர்களும் தங்கள் ஊர்ப் பாட்டைத்தான் பாடுகிறார்கள். நேப்பாளியிடம் மாதல் என்ற மேளம் இருக்கிறது. அவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தால் என்ன? நூறு ஆண்டுக்கு முன் நாம் நின்ற இடத்தில் இன்று அவர் நிற்கிறார்.

இனி வேலை. உங்கள் வட்டாரத்து உறுமிக் குழுத் தலைவர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், மூன்று பேர் சேர்ந்தால் போதும். நகராண்மைக் கழகத்துக்குத் தேசிய மொழியில் ஒரு கடிதம். எந்தப் பூங்கா, எந்த ஞாயிற்றுக்கிழமை, மாலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கலைஞர்கள் எத்தனை பேர், ஒலிபெருக்கி எத்தனை என்று தெளிவாக எழுதுங்கள். இரவு நேரத்தைக் கேட்காதீர்கள். நாலு மணியிலிருந்து ஏழு மணி என்றால் யாரும் மறுக்கக் காரணம் குறைவு. தோல் காய்ச்ச ஒரு தகரத்தில் சிறு நெருப்பு மூட்ட அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். போலீஸ் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். கடிதம் கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத கடிதம் மேசையிலேயே தூங்கிவிடும்.