சின்னத் துப்பாக்கி பெரிய காவலாகுமா?

1966 முதல் ராணுவத்துக்கு ஆயுதம் செய்து தரும் தொழிற்சாலை திருச்சியில் இருக்கிறது. ஆனால், அதே ஊரின் பாலக்கரையில் கடை வைத்திருக்கும் ஒருவர் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்க நினைத்தால், 9 மி.மீ. போன்ற ராணுவ ரகங்கள் அவருக்குத் தடை. ஆயுதச் சட்டப்படி உரிமம் கிடைத்தாலும் பெரும்பாலும் .32, .22 போன்ற சிறு ரகங்களே மிஞ்சும். 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, பெண்களை மனத்தில் வைத்து, 2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை சுமார் அரை கிலோ, அன்றைய விலை ஏறத்தாழ 1.22 லட்சம் ரூபாய். எந்த ரகம் நல்லது என்று அலசுவதற்கு முன்பு, நமக்கு ஆபத்து வரும் விதத்துக்குத் துப்பாக்கி ஈடுகொடுக்குமா என்று கேட்க வேண்டும்.

ஈடுகொடுக்காது என்பதே என் வாதம். சங்கிலி பறிப்பவன் பின்னாலிருந்து பைக்கில் வருகிறான்; கைப்பையின் ஜிப்பைத் திறப்பதற்குள் அடுத்த தெருவில் இருப்பான். கத்தியோடு பாய்பவன் 21 அடி தூரத்தை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான் என்று அமெரிக்கக் காவலர் டென்னிஸ் டூலர் 1983-லேயே எழுதினார். இடுப்பு உறையில் துப்பாக்கி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற காவலருக்கே அவ்வளவுதான் அவகாசம். துப்பாக்கி சிறிதாகவும் லேசாகவும் இருந்தால் தூக்கிச் செல்வது எளிது, குறி வைப்பது கடினம்: குழல் குட்டை, பிடி சிறிது, சுட்டதும் கை அதிரும். திருச்சி காந்தி மார்க்கெட் நெரிசலில் குறி தவறும் குண்டு காய்கறி வாங்க வந்தவர் மீதுதான் பாயும். 2019 அக்டோபரில் சத்திரம் பேருந்து நிலையம் அருகே நகைக்கடையைச் சூறையாடியவர்களோ, நள்ளிரவில் சுவரில் துளை போட்டு நுழைந்தார்கள். கல்லாவில் துப்பாக்கி இருந்திருந்தால் அதுவும் களவு போயிருக்கும்.

தாக்குபவர் எப்போதும் அந்நியரும் அல்ல. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்களே என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள். துப்பாக்கி உள்ள வீடுகளில் கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு அதிகம் என்று 1993-இல் ஆர்தர் கெல்லர்மன் குழுவின் அமெரிக்க ஆய்வு கண்டது. ஆபத்தான சூழலில் இருப்பவர்களே துப்பாக்கி வாங்கியிருக்கலாம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அமெரிக்கா வேறு, நாம் வேறு என்பதும் சரி. ஆனால் குடியும் கோபமும் விரக்தியும் எல்லா ஊர் வீடுகளிலும் உண்டு. அவற்றின் கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருப்பது காவல் அல்ல.

ரவுடியிடம் நாட்டுத் துப்பாக்கி இருக்க, நேர்மையானவன் வெறுங்கையோடு நிற்பதா என்று கேட்பார்கள். நாட்டுத் துப்பாக்கியைப் பறிமுதல் செய்வதே அதற்கு வழி. தெருவில் இன்னொரு துப்பாக்கியைச் சேர்ப்பது அல்ல. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா தற்காப்பு உரிமையை ஏற்கிறது. ஆனால் தேவைக்கு மீறிய தாக்குதலை அது மன்னிப்பதில்லை. பறித்துக்கொண்டு ஓடுபவனை முதுகில் சுட்டால், சுட்டவர்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம். உயிருக்கு மெய்யான மிரட்டல் உள்ளவருக்கு, பயிற்சியைச் சரிபார்த்து உரிமம் தரட்டும். மற்றவர்கள் துப்பாக்கிக்கு ஆகும் பணத்தைக் கேமராவுக்கும் நல்ல பூட்டுக்கும் செலவிடலாம். இரவு ரோந்தையும் அவசர உதவி எண் 112-க்கு அழைத்தால் உடனே வரும் காவலரையும் உரிமையோடு கேட்கலாம்.