கடைமடைக்கு எது முதலில் வேண்டும்?

காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சியை 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றமும் மாற்றாமல் விட்டது. அந்த 7 டிஎம்சி தண்ணீருக்காகப் புதுச்சேரியின் காரைக்கால் மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள், அது நியாயமானது. ஆனால், வயலுக்கு வந்த தண்ணீர் எப்படி வெளியேறுவது என்பதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு குரல்கூட எழவில்லை.

மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான். கிழக்கே கடல், மற்ற திசைகளில் தமிழகம். அரசலாறு, திருமலைராஜனாறு, நாட்டாறு, வாஞ்சியாறு எல்லாம் கடலில் கலக்கும் முன் கடைசியாகத் தொடுவது இந்த வயல்களைத்தான். குறுவைக்குத் தண்ணீர் எட்டாது. ஐப்பசி, கார்த்திகையில் மேல் டெல்டாவின் மழைவெள்ளமும் சேர்ந்து இளம் சம்பாப் பயிரை மூழ்கடிக்கும். கோடையில் முகத்துவாரம் வழியே கடல்நீர் உள்ளேறும். மழைநீர் உப்பைக் கரைத்து வடிகால் வழியே கொண்டுபோனால்தான் மண் தேறும். அது வயலிலேயே தேங்கி வற்றினால் உப்பு மேலே வந்து படியும். வடிகால் தூர்ந்த ஊரில் எந்த உரம் போட்டும் பயனில்லை.

மண்ணையும் நீரையும் காக்க அரசு தரும் பணம் எங்கே போகிறது? 2015இல் பிரதமரின் பாசனத் திட்டத்தில் தொடங்கிய ஏற்பாட்டின்படி சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 55 விழுக்காடு மானியம் உண்டு. நெல் அறுத்த பின் பருத்தி போடுபவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் சம்பா வயலுக்குச் சொட்டுநீர்க் குழாய் எதற்கு? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மானியம் என்பது தனி ஆள் விண்ணப்பித்து, நிலத்துக்கான ஆவணம் காட்டி வாங்குவது. வடிகாலுக்கு யார் விண்ணப்பிப்பது? அது ஒருவருக்குச் சொந்தமானதல்ல. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் பல மானியங்களின் வாசலிலேயே நின்றுவிடுகிறார். வடிகால் சரியாக இருந்தால் பட்டாதாரர் வயலோடு அவர் வயலும் வடியும். ஆகவே என் கணக்கில் முதல் பணம் வடிகாலுக்கு. அதற்கடுத்துத் தக்கைப்பூண்டு, சணப்பு விதையும், தரிசில் விதைக்கும் உளுந்தும் பயறும். குளங்கள் அதன் பிறகு. 2019இல் ‘நம் நீர்’ என்ற பெயரில் நிர்வாகமும் மக்களும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர்வாரியதால் அங்கே ஓரளவு வழி பிறந்திருக்கிறது.

இந்த வரிசை தவறாகவும் இருக்கலாம். திருநள்ளாறு விவசாயிக்கும் திருமலைராயன்பட்டினத்து விவசாயிக்கும் தேவை ஒன்றாக இருக்காது. அதைச் சொல்லும் இடம் எங்கே என்பதுதான் என் கேள்வி. புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்தும் நடக்கவில்லை. ஊரின் தேவையை எழுதித் தர வேண்டிய கொம்யூன் பஞ்சாயத்துகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லாமல் அதிகாரிகளே முடிவெடுக்கிறார்கள்.

அப்படிச் சொல்லும் இடத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் 1930களில் புழுதிப் புயல்கள் விளைநிலத்தை வாரிக்கொண்டு போனபோது 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1937 முதல் வட்டாரந்தோறும் மண் பாதுகாப்பு அமைப்புகள் உருவாயின. இன்று ஏறத்தாழ 3,000 இருக்கின்றன. மத்திய அரசின் பணத்தில் எந்த வேலைக்கு முன்னுரிமை என்று அந்தந்த வட்டார விவசாயிகள் கூடி ஆலோசனை சொல்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல, குடிமராமத்து என்ற சொல்லே நம்முடையது. புதுச்சேரிப் பகுதியில் 1999இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு ஏரிகளைச் சீரமைத்தபோது ஏரிக்கு ஏரி பயனாளர் சங்கம் அமைத்தார்கள். காரைக்காலில் ஏரிகளைவிட வாய்க்கால்கள்தான் அதிகம். வாய்க்காலுக்கு ஒரு சங்கம் போதும். குத்தகைதாரருக்கும் அதில் வாக்கு வேண்டும். தேர்தல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வேளாண் துறையே கூட்டத்தைக் கூட்டலாம். எந்த ஊர் வயல் உவர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது.

பணம் வரும் மாதமும் முக்கியம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12இல். தமிழகப் பகுதியில் தூர்வாரும் வேலை ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். அதே ஆற்றின் எல்லைக்கு இப்பால் உள்ள பகுதியில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அப்படியே நின்றால் மேலே செய்த வேலையும் வீண். புதுச்சேரியின் முழு பட்ஜெட் 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்டில்தான் வந்தது. அதற்குள் ஆற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிடுகிறது, பொக்லைன் இறங்க முடியாது. வடிகாலுக்கான தொகையை மார்ச்சிலேயே தனியாக ஒதுக்கி, சித்திரையில் வேலையைத் தொடங்க வேண்டும்.