தண்டவாளம் போச்சு... தடம் இருக்கு!

தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாம். ஆனால், ரயிலுக்காக மலையை வெட்டிய இடத்தை யாரும் திரும்ப மூடுவதில்லை. கைவிடப்பட்ட பாதைகளைத் தேடுபவர்களுக்கு அதுதான் துப்பு.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஹோபாட்காங் ஏரிக்கு வடக்கே உள்ள மலைக்காட்டை போனில் பாருங்கள். வெறும் மரங்கள்தான். அதே இடத்தின் பழைய வரைபடத்தை எடுத்தால் (அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் ‘டோபோவியூ’ தளத்தில் இலவசம்), மலையிலிருந்து ஏரிக்கு ஒரு கோடு இறங்கும். ‘ஆக்டன் மைன் ரயில்ரோடு’. 1860-களில் போட்ட பாதை, நீளம் சுமார் 10 மைல். சுரங்கத்து இரும்புத்தாதுவை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து, மோரிஸ் கால்வாய்ப் படகுகளில் ஏற்றுவதுதான் இதன் வேலை.

சரி, காட்டுக்குள் எப்படி அடையாளம் காண்பது? ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது, சட்டெனத் திரும்பவும் முடியாது. எனவே மேடு பள்ளமான காட்டில் ஒரே சீராக, அகலமாக வளைந்துபோகும் கரை தெரிந்தால் சந்தேகப்படலாம். மரங்களைக் கழித்துவிட்டுத் தரையை மட்டும் காட்டும் ‘லைடார்’ படத்தில் அது இன்னும் பளிச்!

இந்தக் கோட்டின் மேல்முனையில் நமக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். தாமஸ் ஆல்வா எடிசன்! தரம் குறைந்த பாறையைப் பொடியாக்கி, மின்காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்க 1890-களில் அங்கே பெரிய ஆலையே நடத்தினார். ஜெனரல் எலெக்ட்ரிக் பங்குகளை விற்று அதில் கொட்டினார். தொழில்நுட்பம் தோற்கவில்லை, விலை தோற்கடித்தது. மின்னசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில், மேல்மண்ணை விலக்கினாலே வாரி எடுக்கிற மாதிரி நல்ல தாது கிடைத்தது. 1892-ல் அது சந்தைக்கு வரத் தொடங்க, விலை சரிந்தது. 1900 வாக்கில் எடிசன் ஆலையை மூடினார். மனிதர் அசரவில்லை. பாறை நொறுக்கிய அனுபவத்தை அப்படியே சிமென்ட் தொழிலுக்குக் கொண்டுபோனார். நியூயார்க்கின் பழைய யாங்கி ஸ்டேடியம் (1923) அவர் கம்பெனி சிமென்ட்டில் எழுந்ததுதான்.

சுரங்க ஊரில் இருந்தவர்களுக்கு அப்படி வேறு தொழில் கையில் இல்லை. ஆலையோடு ஊரும் காலியானது. பிறகு தண்டவாளமும் போனது.

பாதையின் ஒரு பகுதி இப்போது பொதுமக்கள் நடக்கும் தடம். அந்தப் பக்கம் வசிக்கும் உறவினர்கள் இருந்தால் அனுப்பிவையுங்கள். தடத்தைவிட்டு மட்டும் விலக வேண்டாம். பழைய சுரங்கக் குழிகள் இலைச்சருகு மூடிக் கிடக்கும்.