போகர் ஏன் நம் விளையாட்டில் இல்லை?

கடந்த விடுமுறையில் ஈப்போவில் நண்பர்கள் நால்வர் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடினோம். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி வெளியிட்ட விளையாட்டு அது. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். நான் மந்திரவாதியைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளைத் தாடி, கூர்த்தொப்பி, கைத்தடி என்று எழுதினேன். “உங்கள் கதைகளில் மந்திரவாதியே இல்லையா?” என்று சீனத் தோழி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

வீடு திரும்பியதும் பாட்டியிடம் கேட்டேன். அவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். “போகர் இருக்கிறாரே!” என்றார். பழனி முருகன் சிலையை நவபாஷாணத்தால் செய்தவர், சீனாவுக்குப் போய் வந்தவர் என்று லயத்தில் பெரியவர்கள் சொன்ன கதைகளைச் சொன்னார். தோழிக்குச் சொன்னபோது சீனா என்றதும் அவள் துள்ளினாள்.

அந்த விளையாட்டின் மந்திரவாதிக்கு உடல் வலிமை குறைவு. மந்திர நூலைப் படித்துத்தான் சக்தி பெறுவான். நம் சித்தர்களுக்கும் அற்புத ஆற்றல்கள் உண்டு என்பர். அணுவாகச் சுருங்கும் அணிமா, மலையாகப் பெருகும் மகிமா, காற்றைப்போல் லேசாகும் இலகிமா என எட்டுச் சித்திகள் உண்டு. அவற்றில் மயங்கினால் ஞானம் கைகூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. பாடல்களோ பரிபாஷை என்னும் மறைபொருள் மொழியில் இருக்கின்றன.

ஆகவே என் பாத்திரத்தை மாற்றினேன். கித்தா மரங்களுக்கிடையே வாழும் சித்தர். ஏடு படிக்க மறந்தால் சக்திகள் ஒவ்வொன்றாகக் குறையும். இந்த விதியை எழுதியபோதுதான் உறைத்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த எனக்கு, சித்தர் பாடலில் நான்கு வரிகளைத் தாண்ட முடியவில்லை.

வெளிநாட்டு மந்திரவாதியை விரும்புவது தவறல்ல. ஆனால் வேறொருவர் இருப்பதே தெரியாமல் அவரை மட்டும் தேர்ந்தெடுப்பது தேர்வாகாது. பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயத்துக் கதைகள் இன்று தாத்தா பாட்டிகளின் நினைவில்தான் இருக்கின்றன.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஒரு பாத்திரத்தை உருவாக்கும் முன், வீட்டில் மூத்தவரிடம் ஒரு கதை கேளுங்கள். கேட்டதைத் தமிழிலேயே எழுதி வையுங்கள்.